இந்த கிளாஸில் எத்தனை மில்லி?

சென்னையில் ஒரு நட்சத்திர விடுதியின் பாரில் உட்கார்ந்து விஸ்கி கேட்டால், "ஸ்மாலா, லார்ஜா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். ஸ்மால் என்றால் 30 மி.லி., லார்ஜ் என்றால் 60. கேட்பவருக்கும் ஊற்றுபவருக்கும் இந்தக் கணக்கு தெரியும். பில்லிலும் அது வந்துவிடும். அதே மனிதர் அடுத்ததாக ஒரு காக்டெயில் கேட்கிறார். மெனுவில் அழகான பெயர் இருக்கிறது. புதினா, எலுமிச்சை, இஞ்சி என்று உள்ளே சேரும் பொருள்களின் வரிசை இருக்கிறது. விலை இருக்கிறது. மது எத்தனை மில்லி என்பது மட்டும் இல்லை. நான் பார்த்த மெனுக்களில் பெரும்பாலானவை இப்படித்தான்.

காக்டெயில் விற்கும் ஒவ்வொரு பாரும், மெனுவில் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அதில் உள்ள மதுவின் அளவை அச்சிட வேண்டும். இதைக் கேட்பவள் கவுண்டருக்கு உள்ளே நின்று வேலை பார்ப்பவள். தரமணியில் ஹோட்டல் மேனேஜ்மென்ட் படித்துவிட்டு, சென்னை விடுதிகளிலும் சில காலம் பயணக் கப்பலிலும் பார்டெண்டராக இருந்தேன். இப்போது புதிதாக வருகிற பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுத்தருகிறேன். என் தொழிலின் மேல் எனக்கு இருக்கிற மரியாதைதான் இந்தக் கோரிக்கைக்குக் காரணம்.

அப்பா திருநெல்வேலியில் சர்பத் கடை வைத்திருந்தார். நன்னாரிப் பாகு, எலுமிச்சைச் சாறு, சோடா மூன்றும் சேர்ந்ததுதான் அங்கே விற்ற சரக்கு. பாகை அளக்க ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணம் இருந்தது. சித்திரை வெயிலில் கடை முன்னால் எவ்வளவு கூட்டம் நின்றாலும் அந்தக் கிண்ணம் இல்லாமல் பாகு ஊற்ற மாட்டார். "கண்ணு ஏமாத்தும்ளா, கிண்ணம் ஏமாத்தாது" என்பார். புளிப்பு, இனிப்பு, சோடா மூன்றையும் அளவோடு சேர்ப்பது காக்டெயிலின் பாதித் தொழில். மீதிப் பாதி, மதுவை அளப்பது. அந்த இடத்தில் தப்பு நடந்தால் கெட்டுப்போவது ருசி மட்டும் அல்ல.

உயரமான கிளாஸ் சொல்லாத கணக்கு

லாங் ஐலண்ட் ஐஸ்ட் டீயை எடுத்துக்கொள்வோம். பார்டெண்டர்களின் சர்வதேசச் சங்கமான ஐ.பி.ஏ. வைத்திருக்கும் செய்முறைப்படி வோட்கா, டெக்கீலா, வெள்ளை ரம், ஜின், ஆரஞ்சு லிக்கர் ஐந்தும் 15 மி.லி. வீதம் சேர வேண்டும். மொத்தம் 75 மி.லி. அதாவது இரண்டரை ஸ்மால் பெக். எலுமிச்சைச் சாறும் சர்க்கரைப் பாகும் மேலே கொஞ்சம் கோலாவும் சேர்ந்து அதைக் கடுந்தேநீர் நிறத்துக்குக் கொண்டுவந்துவிடும். குளிரும் இனிப்பும் மதுவின் காரத்தை நாக்குக்குக் காட்டாது. இரண்டு கிளாஸ் குடித்தால் 150 மி.லி. டாஸ்மாக் கடையில் ஒரு குவார்ட்டர் பாட்டில் 180 மி.லி. குவார்ட்டர் வாங்குகிறவருக்குத் தான் என்ன வாங்குகிறோம் என்று தெரியும். லாங் ஐலண்ட் இரண்டு குடித்தவர், "ஏதோ ஜூஸ் மாதிரிதான் இருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே எழுந்திருக்கப் பார்ப்பார்.

சின்ன கிளாஸிலும் இதே சிக்கல் உண்டு. நெக்ரோனியில் ஜின், காம்பாரி, இனிப்பு வெர்மூத் மூன்றும் 30 மி.லி. வீதம் சேரும். பார்த்தால் நாலு மடக்குதான். ஆனால் மூன்றிலும் ஆல்கஹால் இருப்பதால், கூட்டிப் பார்த்தால் ஒரு லார்ஜ் பெக்கோடு ஏறக்குறைய சமமாக வந்து நிற்கும். கிளாஸின் உயரத்தையோ நிறத்தையோ வைத்து எதையும் கணிக்க முடியாது.

இந்தக் கணக்கை என்னிடம் கற்க வருகிறவர்களுக்கு முதல் நாளே எழுதிப் போடுவேன். நம் நாட்டில் விற்கும் விஸ்கி, ரம், பிராந்தி பாட்டில்களில் பெரும்பாலும் 42.8 சதவீதம் ஆல்கஹால் என்று அச்சிட்டிருக்கும். ஸ்மால் பெக் ஒன்றில் சுத்த ஆல்கஹால் சுமார் 10 கிராம். ஆரோக்கியமான ஈரல் ஒரு மணி நேரத்தில் கழிப்பது ஏறக்குறைய 7 முதல் 10 கிராம் வரைதான். எலுமிச்சைத் தண்ணீர், கருப்பு காபி, குளிர்ந்த நீரில் குளியல் எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. லாங் ஐலண்ட் ஒன்றில் சுமார் 25 கிராம் இருக்கிறது. வெறும் வயிற்றில் குடித்தால், 70 கிலோ எடையுள்ள ஓர் ஆண் வண்டி ஓட்டுவதற்கான சட்ட வரம்பைத் தாண்ட அது ஒன்றே போதும். நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் அந்த வரம்பு 100 மி.லி. ரத்தத்தில் 30 மில்லிகிராம். இதையெல்லாம் தெரிந்துகொண்டு குடிக்கிற உரிமை, காசு கொடுப்பவருக்கு இருக்கிறதா இல்லையா?

அளப்பது கௌரவக் குறைச்சல் அல்ல

இளம் பார்டெண்டர்களிடம் ஒரு நம்பிக்கை ஊறிக்கிடக்கிறது. பாட்டிலை உயரத் தூக்கி, பெக் மெஷர் இல்லாமல் மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணி ஊற்றுபவர்தான் கைதேர்ந்தவர் என்பது அது. 1988-ல் டாம் குரூஸ் நடித்து வந்த 'காக்டெயில்' படத்துக்குப் பிறகு பாட்டில் சுழற்றும் வித்தை உலகம் முழுவதும் பரவியது. அந்த வித்தையை நானும் ரசிப்பேன். ஆனால் பாட்டில் நிறைந்திருக்கும்போது மது விழும் வேகம் வேறு, அடியில் கொஞ்சம் இருக்கும்போது வேறு. கெட்டியான லிக்கர் மெதுவாக இறங்கும், வோட்கா சரசரவென்று இறங்கும். வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு, நாலு பேர் ஒரே நேரத்தில் கூப்பிடும்போது மனதுக்குள் எண்ணும் எண்ணிக்கை தடுமாறும். பெக் மெஷர் தடுமாறாது.

தொழிலின் முன்னோடிகளும் அளந்தவர்கள்தான். அமெரிக்க பார்டெண்டர் ஜெரி தாமஸ் 1862-ல் வெளியிட்ட செய்முறைப் புத்தகத்தில் மதுவுக்கு 'ஒயின் கிளாஸ்' என்ற அளவைத்தான் கையாண்டார். இன்றைய கணக்கில் அது ஏறக்குறைய நம் லார்ஜ் பெக்.

அளக்கும்போது கவனிக்க வேண்டியவை சில. மெஷரை விளிம்பு வரை நிரப்ப வேண்டும். முக்கால் அளவில் நிறுத்திவிட்டு மேலே கொஞ்சம் கையால் சேர்ப்பது அளப்பதே ஆகாது. ஷேக்கருக்குப் பக்கத்தில் பிடித்து, சிந்தாமல் ஒரே மூச்சில் கவிழ்க்க வேண்டும். முதலில் எலுமிச்சைச் சாறு, பிறகு பாகு, கடைசியில் மது என்று போக வேண்டும். இடையில் தவறினால் மலிவான பொருளோடு போய்விடும். விலை உயர்ந்ததைக் கொட்ட மனம் வராமல் கெட்டுப்போன ஒன்றையே பரிமாறும் நிலை வராது. ஐஸ் எல்லாவற்றுக்கும் கடைசி. முதலிலேயே போட்டுவிட்டு பாட்டில் தேடிப் போனால், திரும்பி வருவதற்குள் தண்ணீர் இறங்கியிருக்கும்.

ஐஸும் ஓர் அளவுதான்

"ஏம்மா, ஐஸைக் கொட்டி ஏமாத்துறீங்களே, கம்மியா போடு" என்று ஒரு நாளைக்கு யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். அவர் சந்தேகத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அளவைச் சொல்லாத இடத்தில் சந்தேகம் வரத்தான் செய்யும். அவர் கண் முன்னால் 60 மி.லி. அளந்து ஊற்றிக் காட்டுவேன். பிறகு, "சார், உள்ள போற மது இவ்வளவுதான். ஐஸ் கூடினா அது குறையாது. ஐஸ் கம்மியா இருந்தாத்தான் சீக்கிரம் கரைஞ்சு தண்ணியாப் போகும்" என்பேன். ஷேக்கரை ஐஸால் நிரப்பிக் குலுக்கினால் பானம் வேகமாகக் குளிர்ந்துவிடும், தண்ணீர் அளவோடு இறங்கும். நாலு கட்டி மட்டும் போட்டுக் குலுக்கினால் அந்த நாலும் கரைந்தும் குளிர் பிடிக்காது.

தண்ணீரும் காக்டெயிலின் ஒரு பொருள்தான். 1806-ல் அமெரிக்காவின் ஹட்சன் நகரத்துப் பத்திரிகை ஒன்று காக்டெயில் என்றால் என்ன என்று வாசகருக்கு விளக்கியபோது, மது, சர்க்கரை, பிட்டர்ஸ் ஆகியவற்றோடு தண்ணீரையும் சேர்த்தே சொன்னது. இன்று அந்தத் தண்ணீர் ஐஸ் வழியாக வருகிறது. நான் டைக்கிரி போடுவது 60 மி.லி. வெள்ளை ரம், 30 எலுமிச்சைச் சாறு, 20 சர்க்கரைப் பாகு என்ற கணக்கில். மொத்தம் 110 மி.லி., அதில் ஆல்கஹால் 23 சதவீதம். பத்துப் பன்னிரண்டு விநாடி ஓங்கிக் குலுக்கி வடிகட்டினால் அது 140 மி.லி.க்கு மேல் ஆகியிருக்கும். ஆல்கஹால் 18 சதவீதத்துக்கு இறங்கியிருக்கும். அந்த முப்பது மி.லி. தண்ணீர்தான் ரம்மின் காரத்தை அடக்கி அதன் வாசனையை மேலே கொண்டுவருகிறது. சென்னையின் புழுக்கத்தில் தொட்டியில் கிடக்கும் ஐஸ் எப்போதும் வியர்த்தே இருக்கும். அந்த ஈரத்தை வடித்துவிட்டுத்தான் ஷேக்கரில் போட வேண்டும், இல்லாவிட்டால் கணக்கில் வராத தண்ணீர் உள்ளே போகும்.

சாறு, முட்டை, கிரீம் சேர்ந்தால் குலுக்க வேண்டும். நெக்ரோனி, மார்ட்டினி மாதிரி மது மட்டுமே சேர்வதைக் கரண்டியால் அரை நிமிடம் சுழற்றினால் போதும், தெளிவு கெடாது. சோடாவை ஒருபோதும் ஷேக்கருக்குள் ஊற்றக் கூடாது. மொஹிட்டோவுக்குப் புதினாவை இடிக்கக் கூடாது, அழுத்தினால் போதும். இலை கிழிந்தால் கசப்பு இறங்கும்.

எலுமிச்சை விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள். மெக்சிகோவிலும் கரீபியத் தீவுகளிலும் பழைய காக்டெயில்களில் பிழியப்படும் அந்தச் சின்ன உருண்டைப் பழமும், நம் சந்தையில் கூறு கட்டி விற்கும் எலுமிச்சையும் ஒரே இனம். கோடையில் விலை ஏறியதும் பல இடங்களில் பாட்டில் சாறு வந்துவிடுகிறது. தயவுசெய்து வேண்டாம். விலை ஏறினால் அந்த மாதத்துக்கு வேறு பானத்தை மெனுவில் முன்னால் வையுங்கள். பிழிந்த சாறு அன்றைய இரவைத் தாண்டக் கூடாது.

இன்னொன்றில் எந்தச் சமரசமும் கிடையாது. ஐஸை அள்ளக் கரண்டி இருக்கிறது, கிளாஸால் அள்ளக் கூடாது. தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிளாஸ் உடைந்தால், அன்றைக்கு எவ்வளவு கூட்டம் இருந்தாலும் தொட்டி முழுவதையும் கொட்டியாக வேண்டும். சிவப்பு கிரெனடின் பாகை முதலில் ஐஸின் மேல் ஊற்றிவிடச் சொல்லிக்கொடுக்கிறேன். நிறத்தைப் பார்த்ததும் வேறு யாரும் தெரியாமல் அதை அள்ள மாட்டார்கள். பிறகு வெந்நீர் விட்டுக் கரைத்து, தொட்டியைத் துடைத்து, புது ஐஸ் நிரப்ப வேண்டும். ஐஸுக்குள் விழுந்த கண்ணாடிச் சில்லு கண்ணுக்குத் தெரியாது.

அவள் கிளாஸில் இருப்பது அவளுக்குத் தெரிய வேண்டும்

அளவை அச்சிட வேண்டும் என்று நான் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்வதற்கு முக்கியமான காரணம் இதுதான். ஒரு மேஜையிலிருந்து ஒருவர் எழுந்து வந்து கவுண்டரில் சாய்ந்துகொண்டு, "அவங்களுக்குப் போடுறதுல கொஞ்சம் ஸ்ட்ராங்கா போட்டுடுங்க, அவங்ககிட்ட சொல்லவேணாம்" என்று கேட்பதுண்டு. தோழிக்கு, உடன் வேலை பார்க்கும் பெண்ணுக்கு, சில நேரம் பிறந்தநாள் கொண்டாடும் நண்பனுக்கு. விளையாட்டுக்குத்தான் என்பார்கள். நான் போட மாட்டேன். கூடுதல் பெக் வேண்டுமென்றால் குடிக்கப்போகிறவர் தன் வாயால் கேட்க வேண்டும். ஒருவருக்குத் தெரியாமல் அவர் உடம்புக்குள் மதுவை ஏற்றுவது விளையாட்டு அல்ல. அதன் பிறகு நடக்கும் எதற்கும் முதல் கை ஊற்றியவரின் கைதான்.

பெண்கள் பாரில் வேலை செய்யலாமா என்ற கேள்வி நம் நாட்டில் உச்ச நீதிமன்றம் வரை போனது. மது அருந்தும் இடத்தில் பெண்களையும் 25 வயதுக்குக் குறைந்த ஆண்களையும் வேலைக்கு வைக்கக் கூடாது என்று 1914-ம் ஆண்டின் பஞ்சாப் கலால் சட்டம் சொன்னது. டெல்லியிலும் அது நடைமுறையில் இருந்தது. அனுஜ் கார்க் வழக்கில் 2007 டிசம்பரில் அந்தத் தடை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. பெண்ணைப் பாதுகாக்கிறோம் என்று சொல்லி அவளை வேலையிலிருந்து வெளியே நிறுத்தக் கூடாது, அவள் பாதுகாப்பாக வேலை செய்ய வழி செய்ய வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். கவுண்டருக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கும் இதையே நான் பொருத்திப் பார்க்கிறேன். அவளை வராதே என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. அவள் கிளாஸில் என்ன இருக்கிறது என்பதை அவளிடம் மறைக்கவும் உரிமை இல்லை. அவள் எழுந்து போயிருக்கும்போது அவளுடைய பானத்தை மேஜையில் கொண்டுவைக்க வேண்டாம், வந்த பிறகு கொடுங்கள் என்று என் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

நிறுத்தத் தெரிவதும் அளவில் சேர்ந்ததுதான். குரல் உயர்கிறது, சொன்னதையே திரும்பச் சொல்கிறார், கிளாஸை வைக்கும் இடம் தவறுகிறது என்றால் அடுத்ததைத் தாமதப்படுத்த வேண்டும். கேட்காமலே தண்ணீர் வைக்க வேண்டும். உண்மையில் இதை எல்லோருக்கும், முதல் பானத்தோடே வைக்க வேண்டும். சாப்பிட ஏதாவது சொல்லச் சொல்ல வேண்டும். அதற்கு மேலும் கேட்டால், நண்பர்கள் முன்னால் அவமானப்படுத்தாமல், அவர் பக்கம் குனிந்து, "சார், இன்னைக்கு இதோட போதும், நானே வண்டி சொல்றேன்" என்று மெதுவாகச் சொல்ல வேண்டும். அவர் மேலாளரைக் கூப்பிடுவார். அப்போது மேலாளர் பார்டெண்டர் பக்கம் நிற்க வேண்டும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு விடுதியில் மேலாளர் சிரித்துக்கொண்டே வந்து, "சாருக்கு என்ன வேணுமோ குடும்மா" என்றார். அப்படி ஒரு முறை நடந்தால் போதும், அந்த பாரில் அதன் பிறகு யாரும் யாரையும் நிறுத்த மாட்டார்கள்.

மறுப்பவர்களுக்கு

முதலாளிகளின் பயம் எனக்குத் தெரியும். அளவை அச்சிட்டால் மக்கள் எண்ணத் தொடங்குவார்கள், இரண்டோடு நிறுத்திக்கொள்வார்கள், விற்பனை குறையும் என்பார்கள். எண்ணிக் குடிப்பவர் மறுபடி வருவார். கணக்குத் தெரியாமல் குடித்து, வாந்தி எடுத்து, நண்பர்கள் தூக்கிச் சென்ற ஒருவர் அந்த பாரின் பெயரைக் கேட்டாலே முகம் சுளிப்பார். இன்னொரு லாபமும் உண்டு. அளந்து ஊற்றும் பாரில் பாட்டில் கணக்கு மாதக் கடைசியில் சரியாக வரும்.

வெளிநாட்டிலேயே கேட்பதில்லையே என்பவர்களுக்கு ஒரு தகவல். பிரிட்டனில் ஜின், ரம், வோட்கா, விஸ்கியை 25 அல்லது 35 மி.லி.யின் மடங்கில்தான் விற்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட திரவங்கள் கலந்த பானத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. தனியாக ஊற்றினால் சட்டம் அளவு பார்க்கிறது, கலந்துவிட்டால் கண்ணை மூடிக்கொள்கிறது. அதிகம் மறைவது கலந்த பானத்தில்தான். அங்கே விட்ட ஓட்டையை நாமும் விட வேண்டும் என்பதில்லை.

மது வீட்டைக் கெடுத்த கதை இல்லாத தெரு தமிழ்நாட்டில் இல்லை. இதில் காக்டெயிலுக்கு ஒரு கட்டுரையா என்று கேட்பவர்களும் இருப்பார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. மது எந்த அளவிலும் பாதுகாப்பானது அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதை நான் மறுக்கவில்லை. அபாயம் உள்ள பொருளை விற்கிறோம் என்பதால்தான் அளவு சொல்லி விற்க வேண்டும் என்கிறேன். 21 வயது நிரம்பிய ஒருவர் தெரிந்தே எடுக்கும் முடிவுக்கும், தெரியாமல் மாட்டிக்கொள்வதற்கும் இடையில் நிற்பது அந்த ஒரு எண்தான்.

குடிக்காதவருக்கும் அதே அக்கறை கிடைக்க வேண்டும். ஆறு பேர் வந்த மேஜையில் வண்டி ஓட்டப்போகிறவருக்கு டின் ஜூஸை ஊற்றிக் கொடுப்பது மரியாதை அல்ல. நன்னாரிப் பாகு, அப்போது பிழிந்த எலுமிச்சை, ஒரு சிட்டிகை உப்பு மூன்றையும் குலுக்கி, வடிகட்டி, மேலே குளிர்ந்த சோடா ஊற்றி, மற்றவர்களுக்குக் கொடுத்த அதே நல்ல கிளாஸில் கொடுங்கள். கருப்பட்டிப் பாகும் இஞ்சிச் சாறும் சேர்ந்தால் இன்னொரு பானம். நம் ஊர் சர்பத் கடைகளில் கிடைக்கும் ருசியில் பாதிகூட நம் பார்களின் மாக்டெயில் பக்கத்தில் இல்லை. மெனுவில் இவற்றின் பக்கத்தில் '0 மி.லி.' என்று பெருமையாக அச்சிடலாம்.

இதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. முதலாளிகள் அடுத்த முறை மெனு அச்சடிக்கும்போது ஒரு எண்ணைச் சேர்த்தால் முடிந்தது. புதிதாகத் தொழிலுக்கு வருகிற தம்பி தங்கைகள் பெக் மெஷரைக் கையிலிருந்து இறக்காமல் வேலை கற்றுக்கொள்ளட்டும். கிளாஸுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். முதல் மடக்குக்கு முன்னால் பார்டெண்டரைப் பார்த்து, "இதுல எத்தனை மில்லி?" என்று கேளுங்கள். உடனே எண்ணைச் சொல்கிறவர் தொழில் தெரிந்தவர். சொல்லத் தயங்கினால், அந்தப் பானத்தைத் திருப்பிக் கொடுக்க உங்களுக்கு எல்லா உரிமையும் இருக்கிறது.